ஹட்டனில் ஒரு மொறோக்கோ விருந்தாளி

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரை)



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் சாப்பாடு. இலக்கிய நிகழ்ச்சியில் சாப்பாட்டுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நமது ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்று, ஒரு சோற்றுப் பாத்திரத்தைக் கையில் ஏந்திக்கொண்டே நடக்கிறது என்பதை அவர்களுக்கு நினைவூட்டிவிட்டு, ஹட்டன் நகரில் உள்ள ஒரு சிறிய சைவக் கடைக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன்.

மலையகத்து நகரங்களில் சைவக் கடை எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாசலிலே ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள் உளுந்து வடை, கடலை வடை, போண்டா. கல்லாவுக்கு மேலே சாமிப் படங்கள். காலையில் ஏற்றிய ஊதுவத்தியின் சாம்பல். மேசையில் கை துடைப்பதற்காகச் சதுரம் சதுரமாக வெட்டி வைத்த பழைய பத்திரிகைத் தாள். (என் கட்டுரை ஒன்றின் பாதியை அப்படி ஒரு நாள் அங்கே வாசித்திருக்கிறேன், மற்றப் பாதியால் யாரோ கை துடைத்துவிட்டார்கள்.) கேளாமலே ஒரு தட்டு நிறைய வடை கொண்டுவந்து வைப்பார்கள். தின்றதை எண்ணிக் கணக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கு நம்பிக்கையில் நடக்கிற கணக்கு.

சிவனொளிபாத மலைப் பருவகாலம் மார்கழிப் பௌர்ணமியோடு தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை நீளும். அந்த மாதங்களில் ஹட்டன் புகையிரத நிலையத்தில் இறங்குகிறவர்கள் தொகை பெருகிவிடும். மஸ்கெலியா, நல்லதண்ணீர் பஸ்களுக்கு இடையே கிடைக்கும் அரை மணி நேரத்தில் அவர்கள் வயிற்றைக் கவனிக்க வேண்டும். மலையேறி இறங்கும்வரை மச்சம் மாமிசம் தொடாத சிங்கள யாத்திரிகர் பலர் சைவக் கடையைத்தான் தேடி வருகிறார்கள். விரதகாரர்களான நம்மவர்களும் வருகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், மழை விட்டும் விடாமலும் இருந்த வேளையில், நானும் அங்கே ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

முதுகிலே பெரிய பையுடன் ஓர் இளைஞர் உள்ளே வந்தார். முப்பது வயதிருக்கலாம். வெள்ளைக்காரர் என்று சொல்ல முடியாது; நம்மவர் என்றும் சொல்ல முடியாது. முதலாளியிடம் ஏதோ கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார்.

"சேர், இந்தத் தம்பி என்னமோ கேக்குறாரு. கொஞ்சம் என்னான்னு பாருங்களேன்."

அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே தரத்தவை. ஆகவே ஒருவரை ஒருவர் நன்றாகவே விளங்கிக்கொண்டோம். மொறோக்கோ நாட்டின் ஃபெஸ் நகரைச் சேர்ந்தவர். என்னைப் போலவே ஆசிரியர்; பாடம் கணிதம். இந்தக் கடையில் இறைச்சி எதுவும் இல்லைத்தானே என்பதே அவர் கேட்ட கேள்வி. சைவ உணவுக்காரரா என்று விசாரித்தேன். சிரித்தார். தம் ஊரில் ஆட்டிறைச்சி உண்பவராம். அந்நிய ஊரில் எந்த இறைச்சி, எப்படி அறுக்கப்பட்டது என்று தெரியாதபடியால், இப்படியான கடை கிடைத்தால் மனம் நிம்மதியாக உண்ணலாம் என்றார்.

இந்தப் பதில் என்னைச் சிந்திக்க வைத்தது. விரதமிருக்கும் இந்து, யாத்திரை போகும் பௌத்தர், ஹலால் பற்றிக் கவலைப்படும் முஸ்லிம் ஆகிய மூவரும் அச்சமின்றி ஒரே மேசையில் உட்காரக்கூடிய இடம் இந்தச் சின்னஞ்சிறு கடை. 'சைவம்' என்ற சொல் இங்கே ஒரு திறந்த கதவாக இருக்கிறது. ஆனால் அந்தக் கதவு எல்லாக் காலத்திலும் திறந்திருக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று காலைப் பலகாரம் புட்டு. குழலிலிருந்து ஆவி பறக்கத் தட்டில் தள்ளியதும் விருந்தாளியின் கண்கள் விரிந்தன. "குஸ்குஸ்!" என்றார்.

குஸ்குஸ் என்பது மொறோக்கோ உட்பட்ட வட ஆபிரிக்க நாடுகளின் தலையாய உணவு. கோதுமை ரவைக்கு உப்புநீர் தெளித்து, உள்ளங்கையால் உருட்டி உருட்டிச் சிறு மணிகளாக்குவார்கள். கீழே குழம்பு கொதிக்கும் பானை; அதன் வாயில் பொருந்தும் துளைச் சட்டியில் இந்த மணிகளை இட்டு, குழம்பின் ஆவியிலேயே வேகவைப்பார்கள். 2020ஆம் ஆண்டில் அல்ஜீரியா, மொரிட்டானியா, மொறோக்கோ, துனீசியா ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து விண்ணப்பித்து, இந்தச் சமையற் கலையை யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெறச் செய்தன. அரசியலில் முரண்பட்டு நிற்கும் அயல்நாடுகளும் ஒரு சட்டிச் சோற்றுக்காக ஒன்றாகக் கையொப்பமிட்டன என்பது கவனிக்கத்தக்கது.

நம் வீட்டுப் புட்டை எண்ணிப் பாருங்கள். வறுத்த மாவில் சுடுநீர் விட்டுக் குழைத்து, சுண்டு விளிம்பால் கொத்திக் குறுணியாக்கி, ஆவியில் அவிக்கிறோம். தோட்டத்து லயங்களிலே அரிசி கிடைக்காத காலங்களில் கோதுமை மாவிலேயே புட்டு அவித்தவர்கள் நாம். தானியம் ஒன்று, முறை ஒன்று, தாய்மார் கை ஒன்று. ஒருவரிடம் இருந்து மற்றவர் கற்றார்களா என்று நான் ஆராயப் போவதில்லை. பசியும் மாவும் ஆவியும் எங்கெங்கு உண்டோ, அங்கெல்லாம் பெண்கள் கண்டுபிடித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

குஸ்குஸுக்கு மேலே ஏழு வகை மரக்கறி வைத்துப் படைப்பது அவர்கள் வழக்கம் என்றார். கரட், கோவா, டர்னிப், பூசணி என்று விரலை மடித்து எண்ணினார். கரட்டும் கோவாவும் நுவரெலியாவிலேயே விளைபவை என்று நான் பெருமையோடு சொன்னேன். அதே மூச்சில், அவை எங்கள் மண்ணுக்கு விருந்தாக வந்தவை என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. 1848இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் பண்ணை அமைத்து ஐரோப்பியப் பயிர்களை நட முயன்றார். இன்று அந்த மரக்கறிகள் இல்லாமல் சாம்பாருக்கு ருசி இல்லை என்கிறோம்.

அடுத்துத் தேநீர் வந்தது. கடைக்காரப் பையன் ஒரு கையை உயர்த்தி மறு கையைத் தாழ்த்தி, ஒரு முழ நீளத்துக்கு இழுத்து ஆற்றி, நுரையோடு வைத்தான். விருந்தாளி கைதட்டினார். அவர் நாட்டிலும் புதினாவும் சீனியும் சேர்த்த பச்சைத் தேயிலைச் சாயத்தை உயரத்திலிருந்துதான் சிறு கண்ணாடிக் கோப்பையில் வார்ப்பார்களாம். நுரை இல்லாவிட்டால் விருந்தாளிக்கு மரியாதை இல்லையாம்.

நேயர்களே, தேநீர் இல்லாத மொறோக்கோவை இன்று கற்பனை செய்ய முடியாது. தேயிலை இல்லாத மலையகத்தையும் அப்படியே. ஆயினும் இரண்டு இடங்களிலும் அதன் கதை அவ்வளவு பழையதன்று. 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரினால் வட ஐரோப்பியச் சந்தைகளை இழந்த பிரித்தானிய வணிகர்கள் தம்மிடம் தேங்கிய சீனத் தேயிலையை மொறோக்கோவின் துறைமுகங்களில் கொண்டுபோய் இறக்கினார்கள் என்பர். அதன் பிறகே அந்தப் பானம் அங்கே குடிசைவரை பரவிற்று. இங்கே 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது; தேயிலை மலையை ஆண்டது. கோப்பிக்கு வந்த எங்கள் முன்னோர் தேயிலைக்கு உரமானார்கள். அங்கே தேநீரைக் குடிக்கக் கற்றுக்கொடுத்த அதே வணிக உலகந்தான், இங்கே எங்களைக் கொழுந்து கிள்ள நிறுத்தியது.

"இந்த மலைக்கு ஏன் வந்தீர்கள்?" என்று கேட்டேன். "என் ஊர்க்காரர் ஒருவர் வந்து போனார்; அவருக்குப் பின்னால் நானும் வந்தேன்" என்றார். அவர் சொன்ன ஊர்க்காரர் இபுனு பதூதா.

இபுனு பதூதா 1304இல் மொறோக்கோவின் தஞ்சியர் நகரிற் பிறந்து, 1325இல், 21 வயதில் மக்காவுக்கென்று புறப்பட்டவர். புறப்பட்டவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகைச் சுற்றினார். 1344இல் மாலைதீவிலிருந்து மாபார் எனப்பட்ட தமிழகக் கரைக்குச் செல்ல முயன்றபோது, காற்று அவரது கலத்தை இலங்கைக் கரைக்குத் தள்ளியது. புத்தளத்தில் அவரை வரவேற்றவர் ஆரியச் சக்கரவர்த்தி. முத்துகளைக் காட்டி, வேண்டியதைக் கேளும் என்றார் அரசர். பாவா ஆதம் மலையின் பாதச்சுவட்டைக் காண வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார் பயணி. அந்தத் தமிழ் மன்னர் ஒரு முஸ்லிம் யாத்திரிகருக்குப் பல்லக்குக் கொடுத்து, ஆண்டுதோறும் மலைக்குச் செல்லும் நான்கு யோகிகளையும், மூன்று பிராமணர்களையும், தம் பரிவாரத்தில் பத்துப் பேரையும் துணைக்கு அனுப்பினார். உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து பேரையும் அனுப்பினார்.

பாடசாலையில் இந்தப் பகுதியைக் கற்பிக்க நேரும்போதெல்லாம் என் மனம் மன்னரிடம் நிற்பதில்லை. அந்தப் பதினைந்து பேரிடம் போய்விடுகிறது. அவர்களுடைய பெயரை இபுனு பதூதா எழுதவில்லை. பயணி பல்லக்கிலே போனார். அவர் சாப்பாடு யாரோ ஒருவனின் தோளிலே போயிற்று. 1355இல் ஃபெஸ் நகரிலே அந்தப் பயண நூல் எழுதி முடிக்கப்பட்டபோது, பதினைந்து என்ற எண் மட்டும் மிஞ்சியது. தேயிலைப் பெட்டியிலே தோட்டத்தின் பெயர் இருக்கும், தரத்தின் பெயர் இருக்கும். கொழுந்து எடுத்தவள் பெயர் இராது. அவளும் பேரேட்டிலே ஓர் எண்தான்.

அதே நூலில் இம்மலையைப் பற்றி ஒரு கதை வருகிறது. ஷிராஸ் நகரத்து ஞானியான அபூ அப்துல்லாஹ் இபுனு கஃபீஃப், முப்பது பக்கீர்களுடன் இந்த மலைக்கு வரும்போது காட்டிலே வழிதவறிப் பசியால் வாடினாராம். உடன்வந்தோர் யானைக் கன்றொன்றைக் கொன்று தின்ன அனுமதி கேட்டனர். அவர் மறுத்தார். பசி மிஞ்சவே அவர்கள் கொன்று தின்றனர். இரவிலே யானைக் கூட்டம் வந்தது. உறங்கியவர்களை ஒவ்வொருவராக முகர்ந்து பார்த்து, தின்றவரையெல்லாம் கொன்றது. தின்னாத ஞானியை மட்டும் ஒரு யானை தும்பிக்கையால் தூக்கி முதுகில் ஏற்றி, மக்கள் குடியிருக்கும் இடத்தில் இறக்கிவிட்டது.

இதைக் கேட்டதும் எனக்கு மணிமேகலை நினைவு வந்தது. அதிலே பசிக்குப் பெயரே 'யானைத் தீ'. விருச்சிக முனிவருக்கென்று இருந்த நாவற்கனியைக் காலால் சிதைத்த காயசண்டிகை, பன்னிரண்டு ஆண்டு எவ்வளவு உண்டும் ஆறாத அந்தத் தீயால் வருந்துகிறாள். ஆதிரை இட்ட பிச்சையை அமுதசுரபியில் ஏற்று மணிமேகலை அளித்த உணவே அவள் நோயைத் தீர்க்கிறது. அந்தக் காப்பியத்திலேயே நமது மலை சமந்தம் என்றும் சமனொளி என்றும் சொல்லப்படுகிறது. அரபுக் கதையிலும் யானை. தமிழ்க் கதையிலும் யானை. ஒன்றில் பசி யானையைக் கொல்கிறது. மற்றதில் பசியே யானையாகிறது. இரண்டும் சுற்றிவருவது ஒரே மலையை.

இபுனு பதூதா இன்னொன்றும் எழுதுகிறார். ஞானியை யானை காப்பாற்றிய அந்நிகழ்ச்சிக்குப் பின், இத்தீவின் மக்கள் முஸ்லிம் பயணிகளைத் தம் வீட்டுக்குள் அழைத்து உபசரித்து உணவளிக்கலாயினர் என்கிறார். மலையாளக் கரையிலோ அப்படியில்லை. அங்கே அவருக்கு வாழையிலையிலே சோறிட்டார்களே ஒழியப் பாத்திரத்திலே பரிமாறவில்லை. தப்பித்தவறி அவர் பாத்திரத்தைத் தொட்டால் அதை உடைத்துவிடுவார்கள். இதை நான் சொன்னபோது ஃபெஸ் நகரத்து ஆசிரியர், "இப்போது அப்படியில்லையே?" என்று கேட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. நினைவு என் தாத்தாவிடம் போய்விட்டது.

என் தாத்தா மலையில் கவ்வாத்து வெட்டியவர். 1950களின் தொடக்கத்தில், ஒரு சம்பள நாளன்று, மலையகத்து நகரொன்றில் ஒரு சைவக் கடைக்குள் நுழைந்து வாங்கிலே உட்கார்ந்தாராம். யாரோ அவரது குடும்பத்தைத் தெரிந்தவன் முதலாளியின் காதில் எதையோ சொன்னான். அவரை எழுப்பி வெளியே நிற்கச் சொன்னார்கள். தேநீர் வந்தது, தகரப் பேணியில். குடித்ததும் அதைத் தாமே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். வெளியே சிந்தும் மழையில் நின்றபடி தோசை வாசனையை முகர்ந்தேன் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார். கோபமாகச் சொல்லவில்லை. கதையாகத்தான் சொன்னார்.

யாழ்ப்பாணத்துக் கதை இதைவிடக் கொடியது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. சாதி காரணமாகத் தேநீர்க் கடையிலோ உணவுக் கடையிலோ ஒருவரைத் தடுப்பது குற்றமாயிற்று. சட்டம் வந்தும் கடை திறக்கவில்லை. 1960களின் பிற்பகுதியில் தேநீர்க் கடைக்குள் நுழைவதற்கே அங்கு மக்கள் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலைப் படித்தவர்களுக்கு அந்தக் கொடுமையின் ஆழம் தெரியும். ஒரு கோப்பைத் தேநீருக்கு இரத்தம் சிந்திய வரலாறு நம்முடையது.

எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்து, முதற் சம்பளம் கைக்கு வந்தபோது தாத்தாவை ஹட்டனுக்கு அழைத்து வந்தேன். அவருக்கு எழுபத்தெட்டு வயது. பழைய கடையல்ல, வேறு கடை, வேறு காலம், வேறு முதலாளி. "வாங்க ஐயா, உள்ள வாங்க" என்று முதலாளியே எழுந்து வந்து அழைத்தார். தாத்தா படியிலே நின்றுவிட்டார்.

"நீ சாப்புட்டு வாப்பா. நா இங்கனயே நிக்கிறேன்."

எவ்வளவோ சொல்லியும் வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. கடைசியில் தேநீரை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல கண்ணாடிக் குவளையில்தான் கொடுத்தேன். நின்றபடியே குடித்தார். பிறகு, நான் தடுப்பதற்குள், வாசல் ஓரத்துக் குழாயடிக்குப் போய் அதைக் கழுவி, நீர் வடியக் கவிழ்த்து, என் கையில் தந்தார். ஐம்பது வருடத்துக்கு முந்திய ஒரு காலைப்பொழுது அவர் விரல்களில் இன்னும் இருந்தது. சட்டம் கடையின் கதவைத் திறக்கும். மனதுக்குள் போடப்பட்ட தாழ்ப்பாளை எந்தச் சட்டம் திறக்கும்?

இதையெல்லாம் அந்த விருந்தாளிக்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தமது தட்டை மேசையின் நடுவுக்குத் தள்ளினார். மீதியிருந்த புட்டின் மேல் சம்பலையும் பருப்பையும் பரப்பினார். தம் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் தொழுகைக்குப் பின் எல்லோரும் ஒரே பெருந்தட்டைச் சுற்றியிருந்து குஸ்குஸ் உண்பதாகவும், அவரவர் தமக்கு முன்னாலுள்ள பகுதியிலிருந்து எடுப்பதாகவும் சொன்னார். நம் நாட்டு முஸ்லிம் சகோதரர்களின் சஹன் விருந்தும் இதே வகைதான். "வாருங்கள்" என்று கையால் காட்டினார்.

நேயர்களே, இனி நான் சொல்லப் போவதே இந்த உரையைச் சொல்லத் தூண்டியது. என் கை தயங்கியது.

ஒரு கணந்தான். ஆனாலும் தயங்கியது. எச்சில் என்ற சொல் எனக்குள்ளே ஓடிற்று. அவர் கைபட்ட தட்டு. சின்ன வயதிலிருந்து எனக்குப் பழக்கப்பட்ட விலக்கு. தாத்தாவைப் படியிலே நிறுத்தியவர்களைப் பற்றி மணிக்கணக்காக வகுப்பிலே பேசும் நான், விருந்தோம்பல் அதிகாரத்தை வருடந்தோறும் மாணவருக்கு விளக்கும் நான், ஒரு மனிதன் அன்போடு நீட்டிய தட்டின் முன்னே தயங்கினேன். சுத்தம் என்பது வேறு, தீட்டு என்பது வேறு என்று எனக்குத் தெரியும். அந்தக் கணத்தில் என் கைக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. தாத்தாவின் கையில் குவளையைக் கழுவ வைத்ததும், என் கையைத் தயங்க வைத்ததும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கங்கள். ஒருவனுக்கு ஒதுங்கக் கற்பித்தது. இன்னொருவனுக்கு ஒதுக்கக் கற்பித்தது.

எனக்கு முன்னாலிருந்த பக்கத்திலிருந்து ஒரு பிடி எடுத்து உண்டேன். புட்டு ஆறிப்போயிருந்தது. சம்பல் உறைப்பாயிருந்தது. அவருக்கு உறைப்புத் தாளாமல் கண்ணில் நீர் வந்தது. இரண்டாவது தேநீரும் வந்தது. முதலாளி எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கணக்குச் சொல்லப் போனபோது, "புட்டு ஒரு தட்டுதானே சேர்" என்று ஒன்றுக்கு மட்டுமே பணம் எடுத்தார்.

மஸ்கெலியா பஸ் வந்தது. விருந்தாளி பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். 1344இல் அவருடைய ஊர்க்காரருக்குப் பதினைந்து பேர் சோறு சுமந்தார்கள். இவர் வழிச்சாப்பாடாக நான்கு வடையைத் தாமே பத்திரிகைத் தாளில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சிவனொளிபாதம், ஸ்ரீபாத, பாவா ஆதம் மலை, ஆடம்ஸ் பீக் என்று ஒரு மலைக்கு நான்கு பெயர் வைத்து நான்கு பேரும் ஏறுகிறோம். ஏறுவதற்கு முன் நால்வரும் ஒரே கடையில் சாப்பிடுகிறோம். மலையுச்சியில் உள்ள பாதம் யாருடையது என்ற வழக்கு இருந்துவிட்டுப் போகட்டும். மலையடிவாரத்தில் உள்ள இந்தத் தட்டு யாருடையது என்ற கேள்விக்கு நாம் நேர்மையாகப் பதில் சொன்னால் அதுவே பெரிய யாத்திரை என்று எனக்குத் தோன்றுகிறது. அமுதசுரபியை ஏந்தியவள் உலக அறவியிலே பசித்தவரின் பசியைத்தான் பார்த்தாள், பிறப்பைக் கேட்கவில்லை.

அடுத்த முறை ஹட்டன் பக்கம் வந்தால், அந்தச் சைவக் கடைக்குள் நுழைந்து பாருங்கள். உள்ளே இடமிருக்கும். யாராவது படியிலே தயங்கி நின்றால், ஒரு முறை அழைத்துவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். நான் அன்று செய்த பிழை அதுதான். நானும் என் தட்டோடு வெளியே போய் அவர் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.